ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கை மட்டும் இல்லை

முதலில் கீழே விழுந்தது ஒரு சாக்பீஸ். கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு நீளமான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன், மூன்றாவது வரி எழுதும்போது விரலுக்குள் இருந்த சாக்பீஸைக் காணோம். நழுவியது கைக்குத் தெரியவில்லை. தரையில் பட்ட சத்தம் காதில் விழுந்துதான் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு இன்னொன்றை எடுத்து எழுதினேன். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை விழுந்தது. அப்புறம் பேனா, அப்புறம் சாவிக்கொத்து, ஒரு நாள் நிரம்பிய தண்ணீர்க் குவளை.

இது தொடங்கி 6 வருடம் ஆகிறது. இரண்டு கைகளும் மரத்துப் போவதும், முழங்கைக்குக் கீழே குடைவதும், சில நாள் தோள் வரைக்கும் ஏறுவதும் இன்றைக்கும் இருக்கிறது. என்ன காரணம் என்று முழுசாகச் சொல்ல இதுவரை யாராலும் முடியவில்லை. எனக்கு வந்திருப்பதற்கு ஒரு பெயர் கிடைத்தால் போதும், பாதி சரியாகிவிடும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் கிடைக்கவே இல்லை. பெயர் இல்லாமலேயே எப்படி ஓட்டுகிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன், என்னைப் போலவே ‘எல்லாம் நார்மல்’ என்கிற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கையே உணர்ச்சியில்லாமல் நிற்கிறவர்களுக்காக. நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். இதில் வரும் மாத்திரைப் பெயர்களைப் பார்த்து யாரும் எதையும் தானாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பகலை விட ராத்திரிதான் மோசம். இரண்டு மணி, மூன்று மணி வாக்கில் முழிப்பு வரும். ஏதோ ஒரு மரக்கட்டை பக்கத்தில் கிடப்பது போல இருக்கும், தொட்டுப் பார்த்தால் அது என்னுடைய வலது கை. இடது கையால் அதைத் தூக்கி உட்கார்ந்த மேனிக்கு உதற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் உதறினால் முதலில் எறும்பு ஊரும், அப்புறம் ஆயிரம் ஊசி குத்தும், அப்புறம் மெல்ல மெல்ல விரல் என்னுடையதாகும். என் வீட்டுக்காரர் முதல் சில நாள் பதறி எழுந்து விளக்கைப் போட்டார், பிறகு பழகிவிட்டது, தூக்கத்திலேயே தலையணையை என் பக்கம் தள்ளிவிடுவார், கையை அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி.

முதல் 8 மாதம் நான் டாக்டர்களிடம் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான். “கை வலிக்குது டாக்டர், அப்பப்ப மரத்துப் போகுது.” அதற்கு எல்லாரிடமும் ஒரே பதில், வலி மாத்திரை, சத்து மாத்திரை, ஒரு தைலம். அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ணுவது, ‘கணக்கு வரலை டீச்சர்’ என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் எனக்கும் எதுவும் புரியாதுதான். எந்தக் கணக்கு, எந்த வரியில் நின்றுபோனாய் என்று கேட்பேன் இல்லையா. என் கையைப் பற்றி அப்படிக் கேட்ட முதல் ஆள் மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா. “என்ன மாதிரி வலிம்மா? எந்த விரல்? எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போனது. எந்த விரல் என்றே எனக்குத் தெரியவில்லை. கை என்றுதான் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் கையை வைத்து, சின்னப் பிள்ளைகள் செய்வார்களே, அது மாதிரி பென்சிலால் சுற்றி வரைந்தேன். திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து மரத்த இடத்தையெல்லாம் கோடு போட்டு நிரப்பினேன். வலிக்கிற இடத்துக்குப் புள்ளி. தாளின் ஓரத்தில் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது. மூன்று வாரத்தில் இருபத்தைந்து தாளுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது, நான் ‘கை வலி’ என்று சொன்னது ஒரு வலி இல்லை. மூன்று வேறு வேறு சங்கதிகள் ஒரே கையில் குடியிருக்கின்றன. ராத்திரி மரப்பது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். போன் பேசும்போதும் முழங்கையை மடித்துப் படுத்தாலும் மரப்பது சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும். கரும்பலகையில் எழுதினாலோ மகளுக்குத் தலை பின்னினாலோ விரல் கணக்கே இல்லை, முழுக் கையும் கனத்து, வெளுத்து, தளர்ந்து இறங்கிவிடும்.

அடுத்த முறை அந்தத் தாள்களைத்தான் கொண்டுபோனேன். டாக்டரம்மா ரிப்போர்ட் ஃபைலை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்குக் கிடைத்த பாடங்களில் முதலாவது இதுதான் என்பேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் கையை வரையுங்கள்.

ஏன் விரல் முக்கியம் என்பதை அவர் விளக்கினது இப்படி. கைக்கு முக்கியமாக மூன்று நரம்புகள் வருகின்றன. மீடியன் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து வழியாக நுழைகிறது, கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி அதன் கணக்கு. அந்தச் சந்தில் அழுத்தம் கூடினால் வருவதுதான் எல்லாருக்கும் தெரிந்த கார்ப்பல் டனல். ராத்திரி எழுப்புவதும், உதறினால் சற்று சரியாவதும் அதன் அடையாளம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்னர் நரம்பினுடையது. அது முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டிப் போகிறது, எங்கேயாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரைக்கும் பாயுமே, அந்த இடம். ரேடியல் நரம்பு புறங்கைக்கு. இவை எல்லாமே கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருந்துதான் கிளம்புகின்றன, அதனால் கழுத்தில் நெருக்கம் இருந்தாலும் விரலில் மரக்கும். கழுத்தின் ஆறாவது நரம்பு வேர் என்றால் கட்டைவிரல் பக்கம், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல் பக்கம். இது தவிர, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. கையைத் தூக்கும்போது நரம்போ ரத்தக் குழாயோ அங்கே நசுங்கலாம்.

“நரம்புக்கு எல்லைக்கோடு உண்டும்மா, உங்க கை எந்தக் கோட்டையும் மதிக்க மாட்டேங்குது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் ஆறு வருடமாக அதுதான் நிலைமை.

வலிக்கு இருக்கும் சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது, நான் ஒரே ஒரு ‘வலி’யை வைத்துக்கொண்டு 8 மாதம் ஓட்டியிருக்கிறேன். எலும்புக்குள் துளை போடுகிற மாதிரி இருந்தால் குடைச்சல். வேலை செய்த களைப்பில் தசை கெஞ்சினால் கடுப்பு, உளைச்சல். தோலுக்கு மேலே மிளகாய் பட்டது போல இருந்தால் எரிச்சல். ஒரு நொடியில் பாய்ந்து போனால் சுரீர். துடித்துத் துடித்துத் தெறித்தால் விண்விண். மரத்துப் போவது வேறு, மதமதப்பு வேறு. மரத்தால் கிள்ளினாலும் தெரியாது, மதமதப்பு என்றால் கிள்ளுவது தெரியும், ஆனால் இடையில் ஒரு துணி இருப்பது போலத் தெரியும். இதெல்லாம் அலங்காரம் இல்லை. எரிச்சலும் சுரீரும் நரம்பைக் காட்டும், கடுப்பு பெரும்பாலும் தசையைக் காட்டும், விண்விண் என்று தெறித்துச் சிவந்து வீங்கினால் அது வேறு கதை. டாக்டரிடம் நாசூக்காகப் பேச வேண்டும் என்று மெனக்கெட்டு ‘பெயின்’, ‘நம்ப்னெஸ்’ என்று சொல்லாதீர்கள். வீட்டில் எப்படிப் புலம்புவீர்களோ அப்படியே சொல்லுங்கள்.

அப்புறம் பரிசோதனைகள். மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார்கள், இரண்டு புறங்கைகளையும் ஒட்டிவைத்து மணிக்கட்டை மடித்து 60 விநாடி பிடிக்கச் சொன்னார்கள், அதில் லேசாகத்தான் மரத்தது. கழுத்தைச் சாய்த்து மேலிருந்து அழுத்திப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி முழங்கையை மடித்து, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார்கள், 3 நிமிடம் தாங்க வேண்டுமாம். எனக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, கை தானாக இறங்கிவிட்டது. ஆனால் நல்ல கையோடு இருக்கிறவர்களில் சிலருக்கும் இது தாங்காது, அதனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, பி12, மூட்டுவாதத்துக்கானவை எல்லாம் எடுத்தார்கள். பி12 மட்டும் குறைவாக இருந்தது, மற்றதெல்லாம் சரி. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பார்த்தார், முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன், தொழுநோயையும் விலக்கிவிடத்தான் என்றார். ஒரு கணம் திக்கென்று இருந்தது, ஆனால் விலக்க வேண்டியதை விலக்கித்தானே ஆக வேண்டும்.

பி12 குறைவு நரம்பைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டு அளவைச் சரிசெய்தார்கள். ஆறேழு மாதத்தில் விரல் நுனி எரிச்சல் பாதிக்குப் பாதி குறைந்தது, அது உண்மை. மீதி அப்படியேதான் இருந்தது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் நரம்புக்கு நல்லது என்றுதானே சொல்கிறார்கள் என்று பழைய சத்து மாத்திரை, புதிதாக எழுதித் தந்தது, யாரோ சொன்னது என்று மூன்று விதமான பி காம்ப்ளெக்ஸைச் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். அதில் எல்லாவற்றிலும் பி6 இருக்கிறது. பி6 அளவுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப் போகச் செய்யும். மருந்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதல் முறையாகக் கோபப்பட்டார்.

நரம்பு வேகப் பரிசோதனை பற்றிப் பலரும் பயமுறுத்தியிருந்தார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை. கையில் சில இடங்களில் ஒட்டுப்பட்டை ஒட்டி, நரம்பின் மேல் சின்னச் சின்னதாக மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள், விரல் தானாகத் துள்ளும், சிக்னல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று திரையில் பார்க்கிறார்கள். முன்னங்கையில் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் போனால் சரியான வேகம். ஊசியைத் தசையில் குத்திப் பார்க்கும் இரண்டாவது பகுதிதான் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். குளிர் அறையில் காத்திருந்து காத்திருந்து என் கை சில்லிட்டுப் போயிருந்தது. கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் தானாகக் குறைந்துவிடும், முடிவு தப்பாக வரும் என்று சொல்லி, பரிசோதனை செய்தவர் என் கைகளை வெதுவெதுப்பான நீரில் வைக்கச் சொன்னார், தோலில் வெப்பமானி வைத்து 32 டிகிரி வந்த பிறகுதான் தொடங்கினார். முடிவு, இரண்டு கையிலும் நார்மல். கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று எனக்கு ஏறக்குறைய சந்தோஷமாகவே இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எந்த வலியும் இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் இது நிறைய பேருக்கு இருக்கும், உங்கள் கைக்கும் இதற்கும் முடிச்சுப் போட முடியாது என்று அந்தச் சந்தோஷத்தையும் கெடுத்தார்கள்.

இடையில் போன இன்னொரு இடத்தில் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா, மனசுதான். டென்ஷனைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீடு வந்து சேருகிற வரைக்கும் அழுதேன். கவலை வலியைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவில்லை, பரீட்சைத் தாள் திருத்துகிற வாரத்தில் எனக்கே தெரிகிறது. கூட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு. ‘நார்மல்’ என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்தக் கருவி பார்க்கக்கூடியதில் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். நரம்பு வேகப் பரிசோதனை தடித்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். சூட்டையும் வலியையும் கொண்டுபோகிற மெல்லிய இழைகள் அதில் அகப்படாது. கார்ப்பல் டனல்கூட ஆரம்ப நிலையில் சிலருக்கு அதில் தெரியாமல் போகும். மெல்லிய இழைகளைப் பார்க்க 3 மில்லிமீட்டர் தோலை எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது. நாங்கள் அதைச் செய்யவில்லை, முடிவு எப்படி வந்தாலும் எனக்குத் தரும் மருந்து மாறப்போவதில்லை என்று டாக்டரம்மா சொன்னதால். எனக்கும் அதற்குள் பெயர் தேடி அலுத்துவிட்டது.

காரணம் தெரியாவிட்டாலும் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்கக் கை திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து கை வலித்தால் அதுவும் அப்படியே. இரண்டு கைகளும் தடுமாறி, சட்டைப் பித்தான் போட முடியாமல், நடையும் தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடும் மாறினால் கழுத்தில் தண்டுவடமே நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அதைத் தள்ளிப்போட்டால் போன பலம் முழுசாகத் திரும்பாமலே போகலாம். இன்னொன்று பலரும் கவனிக்காதது, கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் மேட்டுத் தசை. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் வற்றிப் பள்ளமாகி இருந்தால் நரம்பு ரொம்ப நாளாகக் கஷ்டப்படுகிறது. மரத்துப் போவதை விட, பிடி தளர்வதும் தசை வற்றுவதும்தான் ஆபத்து. நான் மாதத்துக்கு ஒரு முறை, முதல் தேதி, இந்த மேட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி, எனக்கு எது உதவியது. ராத்திரிக்கு மணிக்கட்டில் ஸ்ப்ளிண்ட், அதாவது மணிக்கட்டை மடங்காமல் பிடித்துவைக்கிற பட்டை. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொண்டுதான் படுக்கிறோம், உள்ளே மடக்கினாலும் வெளியே வளைத்தாலும் அந்தச் சந்தில் அழுத்தம் கூடும், நேராக இருந்தால்தான் குறையும். கடையில் வாங்கியதில் உள்ளே இருந்த உலோகத் தகடு மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்திருந்தது, பிசியோ அதை உருவி எடுத்து, நேராக்கித் திரும்பச் செருகித் தந்தார். அதுவரை ஒரு மாதம் அந்த வளைந்ததையே கட்டிக்கொண்டு, பிரயோஜனமே இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். இறுக்கியும் கட்டக் கூடாது, ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். நேராக்கியதைக் கட்டத் தொடங்கிய ஆறாவது வாரத்தில்தான் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினேன். எழுந்து நேரத்தைப் பார்த்தால் ஆறு மணி, கடிகாரம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

சுண்டுவிரலுக்கு வேறு வைத்தியம். முழங்கையை மடித்தால் அல்னர் நரம்பு இழுபடும், அதனால் ஒரு பெரிய துவாலையை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுற்றி, அவிழாமல் இரண்டு இடத்தில் ஒட்டுப்பட்டை போட்டுக்கொண்டு படுப்பேன். மடிக்கவே முடியாது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. பகலில் போனைக் காதில் வைத்துப் பேசுவதை அறவே விட்டுவிட்டேன், ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன், ரகசியம் பேச முடியாது, அவ்வளவுதான். நாற்காலிக் கைப்பிடியிலும் மேசை விளிம்பிலும் முழங்கையை ஊன்றுகிற பழக்கம்தான் விட ரொம்பக் கஷ்டப்பட்டது. தாள் திருத்தும்போது இடது முழங்கை தானாகப் போய் ஊன்றிக்கொள்ளும். மேசை விளிம்பில் சணல் கயிற்றை ஒட்டி வைத்தேன். ஊன்றினால் உறுத்தும், உடனே எடுத்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் தோளுக்கு மேல் எழுதுவதை நிறுத்தினேன். பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறேன், மேல்பாதி பிள்ளைகளுக்கு, உயரமான பையன் யாராவது வந்து எழுதுவான். சாக்பீஸுக்குத் தடித்த பிடி ஒன்று, பேனாவில் பஞ்சு சுற்றியது. மெல்லிய பேனாவைப் பிடிக்கத்தான் விரல் அதிகம் இறுக்குகிறது என்பது பேனாவைத் தடியாக்கிய பிறகுதான் தெரிந்தது. 10 தாள் திருத்தினால் எழுந்து ஒரு சுற்று நடப்பேன். கை மரத்த பிறகு ஓய்வு எடுப்பதில் பிரயோஜனம் இல்லை, நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, ஏனென்றால் நன்றாக இருக்கிற நாளில்தான் ஆசை வரும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று. முடிப்பேன். அடுத்த மூன்று நாள் குவளையைத் தூக்க முடியாது.

நரம்பை வழுக்க வைக்கிற பயிற்சி என்று பிசியோ சில அசைவுகள் சொல்லிக் கொடுத்தார். கையை நீட்டி, மணிக்கட்டை வளைத்து, தலையை எதிர்ப்பக்கம் சாய்த்து மெல்ல விடுவது. நரம்பு அதன் உறைக்குள் சும்மா போய் வந்தால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்டேனா? 5 முறை என்றதை 30 முறை செய்தேன், சுரீர் என்கிற வரைக்கும் இழுத்தேன். நாலு நாள் தோள் வரைக்கும் எரிந்தது. தசைக்கு இருக்கிற பொறுமை நரம்புக்குக் கிடையாது. அது ஆறுவதும் ஆமை வேகம்தான், அறுந்த நரம்பு வளர்வதே நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, சாதாரண வலி மாத்திரைகள் எனக்கு வயிற்றைப் புண்ணாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. நரம்பு வலிக்கு வேறு வகை மருந்துகள்தான். பிரீகாபலின் கொடுத்தார்கள், வகுப்பில் நிற்கும்போதே தலை சுற்றியது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைத்தேன், சட்டென்று நிறுத்தக் கூடாத மாத்திரை அது. பிறகு இரவில் மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். பட்டையில் இருந்த தாளைப் படித்தால் மன அழுத்தத்துக்கான மருந்து என்று போட்டிருந்தது, ஆஹா, இவரும் மனசு என்றுதான் நினைக்கிறாரா என்று கோபம் வந்தது. அந்த மருந்து சிறிய அளவில் நரம்பு வலிக்கும் தருவதுதான் என்று அவர் விளக்கியபிறகே போட்டேன். வாய் வறளும், காலையில் ஒரு மணி நேரம் மந்தமாக இருக்கும். குடைச்சல் குறைந்தது, மரத்துப் போவது குறையவில்லை. மரத்துப் போவதற்கு மாத்திரை இல்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு ஏமாந்திருக்க மாட்டேன்.

உணர்ச்சியில்லாத கை வலிக்கிற கையை விட மோசமானது, ஏனென்றால் அது உங்களை எச்சரிக்காது. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியின் ஓரத்தில் விரல் பட்டது எனக்குத் தெரியவில்லை, சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து சூட்டை விரலால் தொட்டுப் பார்ப்பதில்லை, முன்னங்கையின் மேல்பக்கம் வைத்துப் பார்க்கிறேன். கத்தி வேலை என்றால் கையைப் பார்த்துக்கொண்டே, பேசாமல். கண்ணாடிப் பாத்திரங்களை மேல் தட்டில் வைப்பதில்லை. ராத்திரி படுப்பதற்கு முன் விளக்கடியில் பத்து விரலையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன், எங்கேயாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று.

வெளியே தெரியாத நோய் என்பதால் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். நான் யாரிடமும் சண்டை போடுவதில்லை, சரி சரி என்று கேட்டுக்கொள்வேன். தலைமையாசிரியரிடம் மட்டும் ‘கை முடியலை’ என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்திவிட்டு, “தோளுக்கு மேலே எழுத முடியாது, தொடர்ந்து பத்துத் தாளுக்கு மேல திருத்த முடியாது, மத்தபடி எல்லாம் முடியும்” என்று சொன்னேன். அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. முடியாததைத் துல்லியமாகச் சொன்னால் மற்றவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், பொதுவாகச் சொன்னால் சாக்கு என்று நினைக்கிறார்கள்.

மகளுக்குத் தலை பின்னுவது மட்டும் எனக்கு விட மனசு வரவில்லை. அப்போது அவளுக்கு 8 வயது. பாதிப் பின்னலில் கை செத்துவிடும், மூன்று கால்களில் ஒன்று எந்த விரலில் இருக்கிறது என்றே தெரியாது. “அம்மா, கை தூங்கிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தன் கையைப் பின்னால் விட்டுப் பின்னலைப் பிடித்துக்கொள்வாள், நான் இரண்டு கையையும் தொங்கவிட்டு உதறி முடிக்கிற வரைக்கும். இப்போது நான் நாற்காலியிலும் அவள் தரையிலுமாக உட்காருகிறோம், என் கை தோளுக்கு மேல் போக வேண்டியதில்லை. அது என்னவோ முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

சிவப்புப் பேனாத் தாள்களை இன்னும் விடவில்லை, தினமும் இல்லை, வாரத்துக்கு ஒன்று. முதல் வருடத்துத் தாள்களோடு ஒப்பிட்டால் சிவப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது, கட்டைவிரல் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது, சுண்டுவிரல் அப்படியே. அடுத்த மாதம் மறுபடியும் நரம்பு வேகப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை கையுறை போட்டுக்கொண்டு போக வேண்டும், போன முறை கையைச் சூடாக்கவே அரை மணி நேரம் போய்விட்டது.